‘ம்’ கொட்டக்கூட வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 44. கணவரும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிபன் கடை நடத்துகிறோம். ஒன்பது வாரத்துக்கு முன்னால் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்து, சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் கெடுதலாக எதுவும் இல்லை. ஆனால் கண் விழித்ததிலிருந்து எனக்குக் குரல் இல்லை. வெறும் காற்றாக வருகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஆறிலேயே மூச்சு முடிந்துவிடுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. குடத்தைத் தூக்கத் தெம்பில்லை. ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தோம், நார்மல் என்றார்கள். டாக்டர், “தானா சரியாயிடும், ஆறு மாசம் பார்க்கலாம்” என்கிறார். மாமியார் கண் பட்டுவிட்டது என்று சொல்லி, தினமும் சித்தரத்தைக் கஷாயம் தருகிறார். வாயே திறக்கக் கூடாது என்கிறார் கணவர். நரம்பை வெட்டிவிட்டார்களா? என் குரல் திரும்புமா? வெளியூரில் இருக்கும் மகள் போனில் பேசும்போது எனக்கு ‘ம்’ கொட்டக்கூட வரவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுகிறாள்.

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இருபது வருடமாகப் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். குரல் போனவர்கள் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘ம்’ கொட்ட வரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் போலப் பிரச்சினையின் மையத்தைத் தொட்டவர்கள் குறைவு. ஏனென்றால் வாய் மூடியிருக்கும்போது வருகிற ஒலி அது. நாக்கு, பல், உதடு எதற்கும் அதில் பெரிய வேலை கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் மடிப்புகளான குரல்நாண் அதிர்ந்தால் ‘ம்’ உண்டு, அதிராவிட்டால் மூக்கு வழியாக வெறும் மூச்சுதான். மற்ற எழுத்துகளைக் காற்றை வைத்தாவது ஒப்பேற்றிவிடலாம். இதை ஒப்பேற்ற முடியாது.

கழுத்தில், தொண்டை முடிச்சின் மேல் இரண்டு விரலை வையுங்கள். உங்களுக்கு இப்போது சரியாகத் தெரியாது, கணவரின் கழுத்தில் வைத்துப் பாருங்கள். அவரை ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லச் சொல்லுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. ‘ம்ம்ம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். வண்டு அடைபட்ட தீப்பெட்டி மாதிரி அதிரும். அடுத்து ‘பக்கம்’, ‘பங்கு’ இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். ‘பக்கம்’ என்னும்போது நடுவில் ஒரு கணம் அதிர்வு நிற்கும். ‘பங்கு’ என்னும்போது நிற்காது. எழுத்து இரண்டிலும் அதே ‘க’தான். எங்கே அதிர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தொண்டைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகள் பார்த்துக்கொள்கின்றன, யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

ஒரு விதத்தில் தமிழ் பேசுவதால் நமக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்று கேட்பவர் காதுக்கே தெரியும் என்பதால், கிசுகிசுத்தாலும் முக்கால்வாசி புரிந்துவிடும். மாட்டிக்கொள்வது வெளியிலிருந்து வந்த சொற்களில்தான். என்னிடம் வந்த ஒருவர், கூப்பிட்ட இடத்தில் “கேஸ் முடிஞ்சிடுச்சு” என்று சொல்ல, எதிர்முனையில் இருந்தவர் கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டதாக நினைத்து வாழ்த்துச் சொன்னாராம். சிலிண்டர் கேட்டுக் கூப்பிட்டவருக்கு! அந்த முதல் எழுத்து அதிராமல் போனால் எரிவாயுவும் வழக்கும் ஒன்றுதான்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நாண் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. வில்லில் கட்டிய கயிறு மாதிரியோ வீணைத் தந்தி மாதிரியோ அங்கே எதுவும் இல்லை. இருப்பவை இரண்டு உதடுகள் போன்ற மடிப்புகள். பெண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், ஆண்களுக்கு இரண்டுக்கு மேல் போகும். உள்ளே தசை, அதன்மேல் ஜெல்லி போல் ஒரு மெத்தை, அதற்கும் மேலே மெல்லிய தோல். மூச்சு விடும்போது விலகி ‘ஃ’ போலத் திறந்திருக்கும், பேசும்போது நடுவில் வந்து சேரும். நுரையீரலிலிருந்து வரும் காற்று அந்த மூடிய உதடுகளைத் தள்ளித் திறக்கும், அவை மீண்டும் சேரும், மீண்டும் திறக்கும். குழந்தைகள் உதட்டைக் குவித்து ‘புர்ர்ர்’ என்று வண்டி ஓட்டுகிறார்களே, அதேதான், வேகம் மட்டும் அதிகம். பெண் குரலில் ஒரு நொடிக்குச் சுமார் 200 தடவை. ஒரு மணி நேரம் விடாமல் குரல் கொடுத்தால் ஏழு லட்சம் தடவைக்கு மேல் இவை முட்டி விலகுகின்றன.

உங்கள் கடிதத்தில் தனித்தனிப் பிரச்சினையாக நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மூடவில்லை. மூடாத கதவு வழியாகக் காற்று ஒழுகுவதால் குரல் காற்றாக இருக்கிறது. ஒரே மூச்சில் ஆறுக்கு மேல் எண்ண முடியவில்லை. நுரையீரலில் குறை இல்லை, அதனால்தான் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. விழுங்கும்போது மூச்சுக்குழாயை அடைத்துக் காப்பதும் இதே கதவுதான், அதனால் புரையேறுகிறது. (புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். மகள் நினைத்துக்கொண்டுதான் இருப்பாள், ஆனால் காரணம் அதில்லை.) அப்புறம் குடம். கனமாக எதையாவது தூக்கும்போது நாம் தம் பிடிக்கிறோம் அல்லவா? தம் பிடிப்பது என்றால் குரல்நாண்களை இறுக மூடி நெஞ்சுக்குள் காற்றைச் சிறை வைப்பது. நெஞ்சுக்கூடு அப்படி விறைத்து நின்றால்தான் கைக்குப் பலம். உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, கையும் நன்றாக இருக்கிறது, தம் மட்டும் நிற்கவில்லை.

கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவாக எதையும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததுமே இப்படி என்றால், முதல் சந்தேகம் ஒரு பக்கக் குரல்நாண் அசைவு நின்றுவிட்டது என்பதுதான். மயக்க மருந்துக்காகப் போட்ட குழாயாலும் தொண்டை கரகரக்கும். அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். அபூர்வமாக, குழாய் பட்டு குரல்நாணின் பின்முனையில் இருக்கும் சின்னக் குருத்தெலும்பு இடம் மாறியிருக்கலாம். எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஒன்பது வாரம் ஆகியும் யாரும் உள்ளே பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம்.

நரம்பை வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். குரல்நாணை அசைக்கும் நரம்பின் வழி விசித்திரமானது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வரும் பெரிய நரம்பு தொண்டையைத் தாண்டி நேராக மார்புக்குள் போகிறது. இடப்பக்கத்தில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு ஒரு கிளை திரும்பக் கழுத்துக்கு ஏறி வருகிறது. நம் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் டெர்மினஸ் வரை போய்த் திரும்பும்போது இறக்கிவிடுகிற பஸ் மாதிரி. வலப்பக்கக் கிளை இவ்வளவு தூரம் போகாமல் தோள்பட்டைக்குப் போகும் இரத்தக்குழாயைச் சுற்றித் திரும்பிவிடும். இரண்டும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தில், தைராய்டின் முதுகை உரசிக்கொண்டு ஏறுகின்றன. கனம் ஒரு தடித்த நூல் அளவுதான்.

கட்டியைத் தூக்கி எடுக்கும்போது அந்த நூல் இழுபடலாம். இரத்தத்தை நிறுத்தச் சூடு வைக்கும்போது அந்தச் சூடு படலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வீக்கம் அழுத்தலாம். இது எதிலும் நரம்பு அறுபடுவதில்லை, மரத்துப்போகிறது, அவ்வளவுதான். மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போவதைப் போல, ஆனால் நிமிடங்களில் தீராது, வாரங்களும் மாதங்களும் ஆகும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித் தற்காலிகமாகக் குரல் கெடுபவர்களே அதிகம். நிரந்தரமாகக் கெடுவது தோராயமாக நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். நல்ல கைராசியுள்ள சர்ஜன் செய்தாலும் நடக்கக்கூடியது. ஆகவே சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, அதில் நரம்பைப் பார்த்தோம், காப்பாற்றினோம் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த ஒரு வரி இருந்தால் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் எப்படிக் காத்திருப்பது என்பதில்தான் உங்கள் டாக்டரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ‘ஆறு மாசம் பார்க்கலாம்’ என்பது பாதி சரி. நிரந்தரமாக ஏதாவது செய்வதற்கு முன் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூடப் பொறுப்பார்கள். நரம்பு தானாகத் தேறுவதற்கு அவ்வளவு காலம் கொடுக்க வேண்டும். அதற்காக அந்த ஆறு மாதமும் நீங்கள் ஊமை போலக் கல்லாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டிருக்க வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை.

இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மருந்து ஸ்ப்ரே அடித்து மரத்துப்போகச் செய்த பிறகு, பென்சிலைவிட மெல்லிய வளையும் குழாய் ஒன்றை (ஸ்கோப் என்பது இதைத்தான்) மூக்கு வழியாக விடுவார்கள். கொஞ்சம் கூசும், கண்ணில் நீர் வரும், ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘ஈ’ என்று இழுத்துச் சொல்லச் சொல்வார்கள். ‘ஈ’ சொன்னால் நாக்கு முன்னால் வந்து வழி விடும் என்பதற்காகத்தான். முடிந்தால் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வெள்ளையாக இரண்டு பட்டை தெரியும். ஒன்று நடுவுக்கு வந்து வந்து போகும், மற்றொன்று சும்மா இருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். கண் பட்டதா, செய்வினையா என்ற பேச்சு வீட்டில் அதோடு நின்றுவிடும்.

ஒரு பக்க நாண் அசையவில்லை என்பது உறுதியானால், இடைக்காலத்துக்கு ஒரு ஊசி உண்டு. அசையாத நாணுக்குள் ஜெல் போன்ற ஒரு பொருளைச் செலுத்தி அதை உப்பவைப்பார்கள். கதவு தானாக நகராது, அதன் பலகையைக் கொஞ்சம் அகலமாக்கினால் மற்ற கதவு வந்து தொட்டுக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. சில மாதத்தில் அந்தப் பொருள் கரைந்துவிடும். அதற்குள் நரம்பு தேறிவிட்டால் நல்லதாகப் போயிற்று. பல இடங்களில் மரத்துப்போக மருந்து கொடுத்து, ஆளை உட்காரவைத்தே செய்கிறார்கள். புரையேறுகிற உங்களுக்கு இதைச் சீக்கிரம் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நரம்பு தேறுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் போட்டு ‘இன்னும் அசையவில்லை’ என்றதும் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். வளர்ந்து வரும் இழைகளுக்குத் திறக்கும் தசை எது, மூடும் தசை எது என்று தெரியாது; குழம்பி இரண்டிலும் கலந்து போய்ச் சேரும். விளைவு, நாண் அசையாது, ஆனால் தசைக்கு உயிர் வந்துவிடும், நடுவுக்கு நெருங்கி விறைப்பாக நிற்கும். மறுபக்கத்து நாண் கோட்டைத் தாண்டி வந்து அதைத் தொடக் கற்றுக்கொள்ளும். ஸ்கோப்பில் அசைவில்லை, போனில் குரல் கணீரென்று இருக்கிறது. இப்படி எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள்.

அதுவும் நடக்காவிட்டால் நிரந்தர வழி இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் இஷ்ஷிகி 1970-களில் வகுத்த ஆபரேஷன். கழுத்துக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, ஒரு துண்டை உள்ளே செருகி நாணை நடுவுக்குத் தள்ளுவது. ஆளை முழுதாக மயக்காமல் செய்வார்கள், குரலைக் கேட்டுக்கேட்டுத்தான் எவ்வளவு தள்ளுவது என்று முடிவு செய்ய முடியும். அப்படி ஒருமுறை ஆபரேஷன் அறையில் கூட நின்றிருக்கிறேன். பச்சைத் துணிக்கு அடியில் படுத்திருந்தவரிடம் சர்ஜன் எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் உங்கள் குரல் போலக் காற்றாகத்தான் வந்தன. துண்டைச் சற்று நகர்த்தினார். ‘ஆறு’ கணீரென்று விழுந்தது. அந்த மனிதர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, “டாக்டர், இது நான்தானே?” என்று கேட்டார். சர்ஜன், “பேசாதீங்க, எண்ணுங்க” என்றார். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரின் கஷாயத்தைக் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் அது குரல்நாணைத் தொடாது. நாம் விழுங்குவது எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கிற வேறு குழாயில் போகிறது. தொட்டால் உடனே புரையேறிவிடும். பனங்கற்கண்டுப் பால், மிளகு, தேன் எல்லாம் தொண்டைக்கு இதம் தரும், நரம்பை எழுப்பாது. உங்களுக்கு இதில் இன்னொரு சங்கடம்: கஷாயம் நீர்த்த திரவம். நீர்த்தது எதுவோ அதுதான் ஒழுகுகிற கதவு வழியே சுலபமாக நழுவும். கஞ்சி, மோர்க்குழம்பு, தயிர் போல் கெட்டியானவை அவ்வளவு தொந்தரவு செய்யாது, நீங்களே கவனித்திருப்பீர்கள். தண்ணீரை அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டம்ளரை வாயில் வைத்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி, ஒரு வாய் ஒரு வாயாக விழுங்குங்கள். கடையில் நின்றுகொண்டே ஒரு மடக்கு, கல்லுக்கு ஓடி ஒரு மடக்கு என்பது வேண்டாம். சாப்பிட்ட பிறகு காய்ச்சலும் சளியுமாக இருமல் வந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று பொருள். காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது ‘கீச்’ என்று சத்தம் கேட்டால், நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டு மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள், அந்த ஹார்மோன் குறைந்தாலே குரல் தடித்துப்போகும்.

கணவர் மௌனவிரதம் இருக்கச் சொல்வது அக்கறையில்தான். நாணின் மேல்தோலில் புண், இரத்தக்கசிவு என்றால் பேசாமல் இருப்பது மருந்து. உங்களுக்குப் புண் இல்லை, அசைவு இல்லை. அசையாத காலைத் தூக்கி மெத்தையில் வைத்துக்கொண்டே இருந்தால் நடை வருமா? பேசுங்கள், ஆனால் முக்கிப் பேசாதீர்கள். கடைக் கூச்சலுக்கு மேல் “மூணு பொங்கல், ரெண்டு ரோஸ்ட்” என்று கத்த முயன்றால், நாணுக்கு மேலே இருக்கும் தசைகள் உதவிக்கு ஓடிவந்து கழுத்தை நெரிக்கும். சாயங்காலம் கழுத்து வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வலித்தால் காரணம் இதுதான். கல்லாவில் ஒரு மணி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாத்தியார்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கியும் விலைக்குக் கிடைக்கிறது. ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தை போதும், நடுவில் வெட்கப்படாமல் மூச்சு வாங்குங்கள்.

ஸ்கோப் பார்த்த பிறகு பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை நேரில் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அதுவரை இரண்டே வேலை. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை முக்கி, ‘ஊ’ என்ற ஒலியோடு குமிழி விடுங்கள். உறிஞ்சாதீர்கள், ஊத மட்டும் செய்யுங்கள். வெளியேறும் காற்றுக்கு எதிரே தண்ணீர் கொஞ்சம் முட்டுக்கொடுப்பதால், நாண்கள் அதிகச் சிரமம் இல்லாமல் அதிரும். இரண்டாவது, ‘ம்’. நேராக உட்கார்ந்து ‘ம்ம்’ என்று இழுங்கள். பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி ஒருமுறை, வலப்பக்கம் திருப்பி ஒருமுறை. ஏதோ ஒரு பக்கத்தில் காற்று குறைந்து குரல் கொஞ்சம் கூடும். பலருக்கு அது பலவீனமான பக்கம் திரும்பும்போது நடக்கும். அந்தப் பக்கம் எதுவோ, போன் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசுங்கள். தினம் நாலைந்து தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜலதோஷத்தில் தொண்டை கட்டினால் பத்துப் பதினைந்து நாளில் விட்டுவிடும். ஆபரேஷன் எதுவும் இல்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அவ்வளவு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். குரல்நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். காரணம் தெரியாமல் இடப்பக்க நாண் நின்றுபோனால் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். முன்பு சொன்ன டெர்மினஸ் அங்கேதான் இருக்கிறது.

சகோதரி, மகளிடம் விஷயத்தைச் சொல்லிவைத்துவிடுங்கள். ‘ம்’ வரும்வரை போனை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்கோப் பார்த்த பிறகு எந்தப் பக்க நாண் என்று எனக்கு எழுதுங்கள். தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்து, எதுவரை வந்தது என்று காலண்டரில் குறித்துவாருங்கள். அந்தத் தாளையும் கடிதத்தோடு வையுங்கள்.